பழம்பாணி வெள்ளிச் சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், தங்களுக்கு முந்தைய காலத்தின் பாணியைப் பார்த்துச் செய்த வெள்ளி அலங்காரப் பொருட்களைப் பற்றியது இந்தப் பக்கம். கேட்பவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி விலைதான். அதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன்.

பழம்பாணி வெள்ளி என்பதும் பழைய வெள்ளி என்பதும் ஒன்றுதானே?

இல்லை. பழம்பாணிப் பொருளுக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று அது பிறந்த வயது, இன்னொன்று அது போட்டிருக்கும் வேஷத்தின் வயது. ஒரு கூஜா 1560இல் செய்ததுபோல் இருக்கும். செய்தது 1880ஆக இருக்கும். 1880 என்பதே இன்று நல்ல பழசுதான். ஆனால் அது காட்டிக்கொள்ளும் அளவுக்குப் பழசு இல்லை. இந்த இரண்டு வயதையும் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசி ஏமாற்றம் நடக்கிறது.

நீங்கள் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருக்கும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்றவர் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் அந்த வட்டத் தட்டு. பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் அதை 1864இல் செய்தது. வடிவம் அவர்களுடையது அல்ல. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மறுமலர்ச்சிப் பாணி ப்யூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டு ஒன்றிலிருந்து வந்தது. சாப்பிட்ட பிறகு விருந்தினர் கையில் பன்னீர் ஊற்றும்போது கீழே பிடிக்கும் தட்டு வகை அது. அதன் பெயர் 'வீனஸ் பன்னீர்த் தட்டு'. ஆனால் நடுவில் உட்கார்ந்திருப்பவள் வீனஸ் அல்ல, தன்னடக்கத்தின் உருவகமான பெண். 1886 முதல் அது பரிசாகக் கொடுக்கப்படுகிறது. யாரையும் ஏமாற்றுவதற்காகச் செய்ததல்ல. பழம்பாணி என்றாலே போலி என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் ஏன் எல்லாரும் முந்தைய பாணிகளைத் தேடிப் போனார்கள்?

ஆலையிலும் வணிகத்திலும் புதிதாகப் பணம் சேர்த்தவர்களிடம் எல்லாம் இருந்தது, பரம்பரைச் சொத்து மட்டும் இல்லை. நான்கு தலைமுறையாக வீட்டில் இருந்ததுபோல் தோன்றும் வெள்ளியைக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். பெரிய இடத்திலும் இந்த ஆசை இருந்தது. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் வட்டாரத்தில் 1810களிலேயே பழைய ரோகோகோ (18ஆம் நூற்றாண்டின் சிப்பி, பூ நிறைந்த பாணி) வேலைப்பாடு மறுபடி தலைகாட்டிவிட்டது.

சிலருக்கு அது அலங்காரமே அல்ல, கொள்கை. கட்டடக் கலைஞர் பியூஜின் கத்தோலிக்கராக மாறியவர். கிறிஸ்தவத்துக்கு ஏற்ற பாணி இடைக்காலக் கோதிக் ஒன்றுதான் என்று நம்பினார். பர்மிங்காமின் ஜான் ஹார்ட்மனோடு சேர்ந்து பூசைக் கிண்ணம் முதல் மெழுகுவத்தித் தண்டு வரை எல்லாவற்றையும் அந்தப் பாணியில் செய்யவைத்தார். 1851இல் லண்டன் பெருங்காட்சியில் அவற்றுக்கென்றே ஓர் 'இடைக்காலக் கூடம்' இருந்தது.

அப்புறம் மண்ணிலிருந்து வந்தவை. 1868 அக்டோபரில் ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் ஊரில் படைவீரர்கள் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்காக மண் தோண்டியபோது, ரோமானியர் காலத்து வெள்ளிப் பாத்திரங்கள் எழுபது வாக்கில் கிடைத்தன. அசல் பெர்லினுக்குப் போனது. கொஞ்ச காலத்திலேயே பாரிஸின் கிறிஸ்டோஃப்ல் போன்ற நிறுவனங்கள் அவற்றின் நகல்களை விற்க ஆரம்பித்தன. பதினெட்டு நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த கிண்ணம், யாரோ ஒரு வங்கிக்காரர் வீட்டு மேசையில் பழம் வைக்கும் கிண்ணமாகிவிட்டது.

பார்த்தவுடன் எந்தப் பாணி என்று சொல்ல முடியுமா?

பாணியைச் சொல்லிவிடலாம், வயதைச் சொல்ல முடியாது. சிப்பியும் நுரைக்கும் அலையும் பூங்கொத்தும் இருந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாமல் இருந்தால் ரோகோகோ. தேவாலயச் சன்னல்போல் கூர்மையான வளைவும் நாலிதழ்ப் பூவும் இருந்தால் கோதிக். கோரமான முகங்கள், தோல்வாரை வெட்டி முறுக்கியதுபோன்ற பட்டைகள், பெண்ணுடலாக வளையும் கைப்பிடி என்றால் மறுமலர்ச்சிக் காலப் பாணி. தாழியும் தோரணமும் ஆட்டுத்தலையும் என்றால் கிரேக்க ரோமானியப் பாணி.

அசலையும் பின்னால் வந்ததையும் பிரித்துக் காட்டும் என் சொந்த அளவுகோல் ஒன்று உண்டு. 1740களின் ரோகோகோவில் வெற்றிடம் இருக்கும். வழவழப்பான வெள்ளிப் பரப்பு கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும். 1840களின் ரோகோகோவில் கட்டைவிரல் வைக்க இடம் இருக்காது. கொடியும் பூவும் போதாதென்று மூடியின் உச்சியில் ஒரு குட்டிச் சீனரையும் உட்காரவைத்திருப்பார்கள். எல்லாப் பாணியும் ஒரே பொருளில் சண்டை போட்டால் அது 19ஆம் நூற்றாண்டு என்று தாராளமாகப் பந்தயம் கட்டலாம்.

பிரிட்டிஷ் முத்திரைகளை எப்படிப் படிப்பது?

நல்ல வெளிச்சம், பத்து மடங்கு காட்டும் லென்ஸ், பொறுமை. முதலில் பொருளைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்பக்கம் மயக்குவதற்கு; பின்பக்கம்தான் வாக்குமூலம்.

நடந்து போகும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இந்தச் சிங்கம் 1544 முதல் இருக்கிறது. அடுத்து ஊர்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெஃபீல்டு, கோட்டை எடின்பரோ. கடலே இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரமா என்று கேட்காதீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். அடுத்தது ஆண்டைச் சொல்லும் எழுத்து. லண்டனில் அது 1478இல் தொடங்கியது. இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி முதல் எழுத்திலிருந்து வருவார்கள். அதனால் எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்லக்கூடாது, கேடயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு குறிப்புகள் வேலையைச் சுலபமாக்கும். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் பக்கவாட்டுத் தலை முத்திரை இருக்கும். லண்டன் சிறுத்தைக்கு 1821 வரை தலையில் கிரீடம் உண்டு, அதற்குப் பின் இல்லை. ஆக, 16ஆம் நூற்றாண்டு வேஷத்தில் இருக்கும் கூஜாவின் அடியில் விக்டோரியா அரசியின் தலை தெரிந்தால் கதை முடிந்தது. பிரிட்டனில் செய்த நேர்மையான பழம்பாணிப் பொருள் தன் பிறந்த தேதியைத் தானே சொல்லிவிடும். அந்த ஒழுங்கு எல்லா நாட்டிலும் இருக்கவில்லை.

ஹனாவ் வெள்ளி என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் இதுதான். என்னை ஏமாற்றிய ஊரும் இதுதான்.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஹனாவ். கிரிம் சகோதரர்கள் பிறந்த ஊர். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த அகதிகளுக்காக 1597இல் அங்கே ஒரு புதுநகரம் எழுந்தது. வந்தவர்களில் பொற்கொல்லர்களும் இருந்தார்கள். 1772இல் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு சித்திரப் பள்ளியும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஷ்லைஸ்னர், அதன் கடைசிப் பகுதியில் நெரஸ்ஹைமர் என்று பெரிய பட்டறைகள் அங்கே இருந்தன. அவர்கள் செய்தது என்ன? மேசைக்கப்பல்கள், காலைத் தூக்கிப் பாயும் மான் வடிவக் குவளைகள், கவசம் பூண்ட வீரர் சிலைகள், தேவதைகளும் விருந்துக் காட்சிகளும் நிரம்பிய பெட்டிகள். எல்லாம் ஆக்ஸ்பர்க், நூரம்பர்க் நகரங்களின் 16, 17ஆம் நூற்றாண்டு வேலையைப் பார்த்தவை.

பாணியோடு நிற்காமல் முத்திரையையும் அந்தக் காலத்துச் சாயலில் அடித்தார்கள். ஆக்ஸ்பர்க் நகரின் சின்னம் பைன் மரக் காய். நூரம்பர்க்குக்கு ஆங்கில எழுத்து வரிசையில் உள்ள என். இவற்றைப்போலவும், பழைய பிரெஞ்சு முத்திரைகள்போலவும் இருக்கும் கற்பனை முத்திரைகளை வரிசையாகக் குத்தினார்கள். நான்கு ஐந்து சின்னங்கள் பக்கத்தில் பக்கத்தில், எல்லாம் தெளிவாக, அழகாக இருக்கும். உண்மையான பழைய ஆக்ஸ்பர்க் பொருளில் நகரச் சின்னமும் செய்தவர் சின்னமும்தான் பெரும்பாலும் இருக்கும், தேய்ந்தும் இருக்கும். முத்திரை அதிகம் இருந்தால் நம்பகம் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். ஹனாவில் கணக்கு தலைகீழ்.

ஜெர்மனியில் 1884இல் இயற்றி 1888 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பிறைநிலவும் கிரீடமும் போட்டு, பக்கத்தில் 800 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணைக் குத்துவது வழக்கமானது. பிறையும் கிரீடமும் இருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். பிரிட்டனுக்கு இறக்குமதியான பொருட்கள் இன்னும் சுலபம். வெளிநாட்டு வெள்ளியைச் சோதித்து முத்திரையிட்டாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது. 1867 முதல் வழக்கமான முத்திரைகளோடு நீள்வட்டத்துக்குள் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். 1904 முதல் இறக்குமதிக்கென்றே தனிச் சின்னங்கள் வந்தன. பெர்த்தோல்டு மியூலர் என்ற இறக்குமதியாளரின் பெயரெழுத்துகளோடு செஸ்டர் நகர முத்திரை விழுந்த ஹனாவ் சாமான்கள் இன்றும் ஏலங்களில் நிறைய வருகின்றன.

சரி, என் கதை. வெளிநாட்டுச் சந்தை ஒன்றில் பைன் காய்ச் சின்னம் போட்ட சிறு குவளையைப் பார்த்தேன். விற்றவர் "1680 வாக்கில் செய்தது" என்றார். நான் பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், பாத வளையத்தின் உட்புறத்தில் அரைகுறையாகத் தேய்த்து அழித்த ஒரு சின்னம்: இரண்டு இலையோடு ஓக் கொட்டை. அது செஸ்டரின் இறக்குமதி முத்திரை, 1904க்குப் பிந்தையது. பட்டறை என்னை ஏமாற்றவில்லை. நடுவில் யாரோ அரம் எடுத்து அந்தக் கொட்டையைத் தேய்த்தாரே, அவர்தான் ஏமாற்றினார். குவளை இன்னும் என் மேசையில் இருக்கிறது, பேனா வைக்கிறேன்.

அப்படியென்றால் ஹனாவ் வெள்ளி போலியா?

பட்டறை விலைக்குப் புதுச் சாமானாக விற்ற வரையில் அதைப் போலி என்று சொல்லமாட்டேன். கற்பனை முத்திரையைக் குத்தும்போது அவர்கள் முழுக்க வெள்ளந்தியாக இருந்தார்கள் என்றும் சொல்லமாட்டேன்.

உண்மையான போலி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வியன்னாவின் சாலமன் வைனிங்கரைப் பாருங்கள். 1860களில் ஹாப்ஸ்பர்க் அரசக் கருவூலத்தின் பழம்பொருட்கள் பழுதுபார்க்க அவரிடம் வந்தன. அவற்றுள் 'புனித முள் பேழை' என்ற, தங்கத்தாலும் எனாமலாலும் ஆன இடைக்காலப் பொருளும் ஒன்று. வைனிங்கர் நகல் செய்து நகலைத் திருப்பிக் கொடுத்தார், அசலை விற்றுவிட்டார். அசல் கைமாறிக் கைமாறி, ரோத்ஸ்சைல்டு என்ற வங்கிக் குடும்பத்தவர் ஒருவரிடம் போய், அவருடைய உயிலின் வழியே 1898இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. வேறு மோசடிகளுக்காகச் சிறைக்குப் போன வைனிங்கர் அங்கேயே இறந்தார்.

ஜெர்மனியின் ஆகன் நகரத்து 19ஆம் நூற்றாண்டுப் பொற்கொல்லர் ரைன்ஹோல்டு ஃபாஸ்டர்ஸின் கதை இன்னும் நுணுக்கமானது. அவர் வரைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பல காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்தன. 1970களின் கடைசியில் அவற்றை உட்கார்ந்து பார்த்தபோதுதான், உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் 16ஆம் நூற்றாண்டு என்று எழுதிவைத்திருந்த பொருட்கள் பலவற்றின் படம் அதில் இருப்பது தெரிந்தது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி செய்ததாக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பெருமையாக வைத்திருந்த ரோஸ்பிலியோசி கிண்ணமும் அதில் ஒன்று. நிபுணர்களே இப்படி மாட்டியிருக்கும்போது நானும் ஒரு குவளையில் மாட்டியதை வெளியே சொல்ல வெட்கமில்லை.

முத்திரை இல்லை, அல்லது நம்பமுடியவில்லை. வேறு எதைப் பார்ப்பது?

வேலையைப் பாருங்கள். கையால் தட்டிய பாத்திரத்தின் உட்புறத்தில் சுத்தியல் தடம் தெரியும், தகட்டின் கெட்டியும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். கடைசலில் சுழற்றி எடுத்ததில் உள்ளே வட்ட வட்டமாகக் கோடுகள் இருக்கும். அச்சில் அழுத்தியதில் ஒரே பூ ஒரே பிசிறோடு திரும்பத் திரும்ப வரும். நம்மூர்ப் பத்தர்கள் தகட்டை அரக்கில் பதித்துச் சித்துளியால் நகாசு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ஐரோப்பாவிலும் முறை கிட்டத்தட்ட அதேதான். திருகாணியையும் மரையையும் கழற்றிப் பாருங்கள். 1600 என்று சொல்லும் குவளைக்குள் இயந்திரத்தில் வெட்டிய மரை இருக்கக்கூடாது.

கடைசியாகத் தேய்மானம். கை படும் இடம், மேசையில் உரசும் பாதம், தேவதையின் மூக்கு, இவை முதலில் தேய வேண்டும். மூக்கு கூர்மையாக இருந்து, யாரும் தொடாத பள்ளம் தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

முத்திரை 1790 என்கிறது, வேலைப்பாடு விக்டோரியா காலம்போல் இருக்கிறது. எப்படி?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் வெறும் வெள்ளிக் கரண்டிகள் விக்டோரியா காலத்தவர்களுக்குச் சப்பென்று இருந்தன. எடுத்து, குழியில் பழமும் காம்பில் கொடியும் நகாசு செய்து, குழிக்குத் தங்க முலாமும் போட்டுக்கொண்டார்கள். இன்று இவற்றைப் பழக்கரண்டி என்று அழகான பெட்டியில் விற்கிறார்கள். பியர் குடிக்கும் பெரிய குவளைக்கு மூக்கு வைத்து நீர்க்கூஜாவாக்கியதும் உண்டு. அப்படிச் சேர்த்த பாகத்தைச் சோதனைக்குக் கொடுத்து முத்திரை வாங்காவிட்டால் பிரிட்டனில் விற்பதே சட்டப்படி தவறு. அடையாளம்: முத்திரையின் மேலேயே நகாசு ஓடியிருக்கும். எனக்கு இவை பிடிக்காது. நல்ல கரண்டியைக் கெடுத்தார்கள்.

முழு வெள்ளியா, முலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஈ.பி.என்.எஸ். என்று எழுத்துகள் இருந்தால் நிக்கல் கலவையின் மேல் போட்ட முலாம். எல்கிங்டன் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இது வெள்ளமாக வந்தது. எழுத்துகளை முத்திரைபோல் தனித்தனிக் கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள், அவசரத்தில் வெள்ளி முத்திரை என்றே தோன்றும். விளிம்பில் செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை ஒட்டிய பழைய ஷெஃபீல்டு வேலையாகவோ, செம்பின் மேல் போட்ட மின்முலாமாகவோ இருக்கலாம்.

இதில் ஒரு தனி வகை மின்வார்ப்பு நகல். அசல் பொருளிலிருந்து அச்சு எடுத்து, அச்சின் உட்புறத்தில் கிராஃபைட் தூள் (பென்சிலில் இருப்பது) பூசி, மயில்துத்தக் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் பாய்ச்சினால், செம்பு துகள் துகளாக அச்சுக்குள் படியும். மயிரிழைக் கீறல்கூட அப்படியே வரும். மேலே வெள்ளியும் தங்கமும் முலாம் போட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. இதையும் இழிவாக நினைக்க வேண்டாம். 1867இல் ஐரோப்பிய அரச குடும்பத்தார் பலர் தங்கள் நாட்டுக் கலைப்பொருட்களின் நகல்களைப் பரிமாறிக்கொள்ள ஓர் உடன்பாடே செய்தார்கள். மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கும் பழைய ஆங்கில வெள்ளிகளுக்கு எல்கிங்டன் ஆட்கள் அங்கேயே போய் அச்சு எடுத்தார்கள். பின்பக்கம் சொரசொரப்பாகச் செம்பு தெரிந்தால் இந்த வகை.

84, 950 என்ற எண்கள்?

84 என்றால் பழைய ரஷ்யக் கணக்கு, ஆயிரத்தில் 875. பிரான்ஸில் 1838 முதல் மினர்வா தேவியின் தலை. முதல் தரம் 950, இரண்டாம் தரம் 800.

விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பூசைக் குத்துவிளக்குக்குச் செய்யுங்கள். இதற்கு வேண்டாம். பற்பசையும் வேண்டாம், சமையல் சோடாவில் அலுமினியத் தாளோடு போட்டுக் கொதிக்கவைக்கும் வித்தையும் வேண்டாம். நகாசு வேலையின் உயிரே பள்ளத்தில் தங்கியிருக்கும் அந்தக் கருமைதான். அது போய்விட்டால் மான் குவளை அலுமினிய பொம்மைபோல் ஆகிவிடும். தங்க முலாம் உள்ள பகுதிகள் இன்னும் மோசம். பழைய பாதரச முலாம் தேய்ந்துவிட்டால் அதே நிறத்தில் திரும்ப வராது. மென்மையான பருத்தித் துணி, இளஞ்சூட்டு நீர், துளி சோப்பு போதும். கருப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். அதனால் கம்பளித் துணி, ரப்பர் வளையம், முட்டை, இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சென்னையின் ஸ்வாமி வெள்ளியும் இந்த வகையா?

நெருங்கிய உறவு, ஆனால் அதே குடும்பம் அல்ல. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் (P. Orr & Sons) கடை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விற்ற தேநீர்ச் செட்டுகளில் வடிவம் இங்கிலாந்துடையது. உடம்பு முழுக்க நம் கோயில் சிற்பத்தின் தெய்வங்கள். 1875–76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது கிடைத்த பரிசுகளில் அப்படி ஒரு செட்டும் உண்டு. பழைய காலத்தை மீட்பதாக அது சொல்லிக்கொள்ளவில்லை. இங்கே உயிரோடு இருந்த நகாசுக் கையை லண்டன் மேசைக்குத் திருப்பியது. பிரிட்டன்போல் அரசுச் சோதனை முத்திரை இங்கே அப்போது கிடையாது என்பதால், கடையின் பெயர் முத்திரையைத்தான் தேட வேண்டும். என் கண்ணுக்கு ஹனாவ் தேவதையைவிட இந்தக் கிருஷ்ணர் நன்றாகவே இருக்கிறார், பக்கச்சார்பு என்று சொன்னாலும் பரவாயில்லை.

சரி, விலை? உருக்கினால் எவ்வளவு வரும்?

உருக்காதீர்கள். பாத்திரக்கடைத் தராசுக்கு மானும் கப்பலும் ஒன்றுதான். ஏலத்தில் நல்ல ஹனாவ் கப்பலோ, ஃபிரெஞ்சு மறுமலர்ச்சிப் பாணிக் கூஜாவோ எடைக்கு மேல் போகும், சில நேரம் பல மடங்கு. சாதாரண ரோகோகோப் பாணித் தேநீர்ச் செட்டுக்கு அந்த வித்தியாசம் குறைவு. மின்வார்ப்பு நகலை உருக்கினால் கிடைப்பது செம்பு.

மெழுகுவத்தித் தண்டு என்றால் இன்னும் ஜாக்கிரதை. அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தால் உள்ளே கீல் அல்லது பிளாஸ்டர் நிரப்பியிருப்பார்கள். வெள்ளி காகிதம்போல் மெலிந்த தகடாக இருக்கும். கையில் கனமாக இருக்கிறதே என்று எடைக்கணக்கில் வாங்கியவர்களும் உண்டு.

வெளிநாட்டில் விற்கலாம் என்று பெட்டி கட்டுவதற்கு முன் ஒன்று: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. நூறு ஆண்டு ஆகவில்லை என்றால் தொல்லியல் துறையிடம், இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். விமான நிலையத்தில் அந்தக் கப்பலுக்கு 1600ஆம் ஆண்டு வேஷம் போட்ட கதையைச் சுங்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.